எப்போதும் நூறு

அந்தத் தெருவில் அவருக்கு வைத்த பெயர் நூறு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருக்கிறது, அதைக் கேட்பார் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மின்சார லாரி வாங்கினார். சின்ன லாரி, ஒன்றரை டன் ஏற்றலாம். அன்றிலிருந்து பேட்டரி நூறு சதவீதம் ஆகாமல் ஒரு நாள்கூட அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. காலையில் குடோன் வாசலில் லோடு ஏற்ற வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் ஒருவரையொருவர் சாப்பிட்டாச்சா, தூங்கினாயா என்று விசாரிப்பார்கள். இவர் ஜன்னலை இறக்கி "நூறு" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்லதாக நாலு சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை. குடிக்க மாட்டார். புகை பிடிக்க மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. நாலாவது எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. மருந்து மொத்த வியாபாரக் குடோனிலிருந்து அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளேயே இருபது கடைகளில் இறக்க வேண்டும். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். எவ்வளவு சுற்றினாலும் அறுபது கிலோமீட்டரைத் தாண்டாது. லாரி புதிதாக இருந்தபோது ஒரு முறை முழுக்க சார்ஜ் போட்டால் இருநூற்றிருபது கிலோமீட்டர் ஓடியது. அதே லாரி வைத்திருந்த மற்றவர்கள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பிளக்கைச் செருகினார்கள், எண்பதைத் தொட்டதும் பிடுங்கினார்கள். இவர் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டில் லாரியை நிறுத்தி, பிரேக் போட்ட கையாலேயே கேபிளை எடுத்தார்.

லாரி நிற்பது வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கூரைக்கு அடியில். உச்சி வெயிலில் அங்கே மனுஷன் நின்றால் மண்டை காயும். ஏழு மணி நேரம் ஓடிச் சூடேறிய பேட்டரியை அதற்கடியில் நிறுத்தி, ஆற விடாமல், உடனே சார்ஜ். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, லாரிக் கதவைத் திறந்து வைத்து, திரையைப் பார்த்தபடி உட்காருவார். எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று. எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார், அதனால் சாப்பாடு நன்றாக இருந்தது, இல்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. தொண்ணூற்றெட்டு வந்தால் எழுந்து நிற்பார். நூறு வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே வந்து படுப்பார். அப்போதும் பிளக்கைப் பிடுங்க மாட்டார். பிடுங்கினால் கசிந்து போய்விடும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, காய்ச்சலில் மூன்று நாள் படுத்தாலும் சரி, லாரி பிளக்கில் இருக்கும், நூறில் நிற்கும்.

திரையில் சதவீதத்துக்குக் கீழே இன்னொரு எண்ணும் வரும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்று லாரியே போடும் கணக்கு அது. வாங்கிய ஆறாவது மாதம் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். முந்தின வாரம் இருநூற்றுப் பதினைந்து காட்டியதாம், அன்றைக்கு இருநூற்றுப் பத்து காட்டியதாம். "நூறு போட்டா நூறுன்னு காட்டுது, அது நாணயம். இது உத்தேசமா சொல்லுது. பொய் சொல்றதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க வண்டி ஓட்டுறது?" என்று குடோனில் விளக்கம் வேறு கொடுத்தார்.

முதல் சர்வீஸுக்குப் போனபோது அங்கிருந்த சர்வீஸ் இன்ஜினியர், இருபத்தைந்து வயதுப் பெண், பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"சார், தினமும் எண்பது போதும். வந்த உடனே போடாதீங்க, ரெண்டு மணி நேரம் ஆறட்டும். முழுசா ஏத்தி அப்படியே வெயில்ல வெச்சிருந்தா பேட்டரி சீக்கிரம் போயிடும். தூரமா போற அன்னைக்கு மட்டும் நூறு போடுங்க."

நூறு சிரித்தார். தன்னை ஏமாற்ற வந்தவர்களைக் கண்டால் சிரிக்கிற சிரிப்பு. "நூறுக்குக் காசு வாங்கிட்டு எண்பதை ஓட்டிக்கோன்றியா? நான் என்ன கேனையனா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண் அடுத்த வண்டியைப் பார்க்கப் போனாள்.

இந்தக் கிறுக்கின் பாரம் முழுக்க விழுந்தது அவர் மனைவியின் தலையில். வீட்டுக்கு வரும் லைன் ஒன்றுதான். லாரி குடிக்கும்போது வேறு பெரிதாக எதையும் அது தாங்காது, மெயின் டப்பென்று விழுந்துவிடும். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அந்த வீட்டில் அயர்ன் பாக்ஸ் கிடையாது, தண்ணீர் மோட்டார் கிடையாது, வாஷிங் மெஷின் கிடையாது. ஃபேன் சுற்றலாம், லைட் எரியலாம். கட்டிக் கொடுத்த மகள் ஒரு தடவை வந்திருந்தபோது தெரியாமல் மிக்ஸியைப் போட்டுவிட்டாள், பாதித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். மகள் அதற்கப்புறம் மத்தியானத்தில் வருவதே இல்லை.

மனைவிக்கு ஒரு ஓவன் இருந்தது. லாரி வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே வந்த ஓவன், இரண்டு அடுக்கு, ஒரு அடுக்கில் ஐம்பது பன் வேகும். பேக்கரி ஒன்றில் பதினோரு வருடம் பாக்கெட் கட்டுகிற வேலை பார்த்தவள். பாக்கெட் கட்டிக்கொண்டே, மாவு பிசைகிறவரையும் ஓவன்காரரையும் கண்கொட்டாமல் பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேக்கரியை மூடியபோது மற்றவர்கள் கணக்கை முடித்து வாங்கிக்கொண்டு போனார்கள், இவள் சம்பள பாக்கிக்குப் பதிலாக ஓவனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பின்கட்டு அறையில் அதை வைத்து, விடிகாலையில் இரண்டு கடைகளுக்கு பன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வியாபாரம்தான், ஆனால் அவளுடையது.

லாரி வந்து மூன்று வருடம் ஆனபோதுதான் நர்ஸிங் பள்ளி விடுதியிலிருந்து ஆள் வந்தது. விடுதியில் இருநூறு பெண்கள். தினமும் மாலை நாலரைக்கு டீயோடு ஆளுக்கொரு பன். இதுவரை போட்டுக்கொண்டிருந்தவர் காலையில் சுட்டதைக் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார், கல் மாதிரி இருக்கிறது என்று பெண்கள் தட்டோடு வார்டன் அறைக்கு வந்துவிட்டார்கள். வார்டன் கறாரான பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஆறு நாள் போட்டுக் காட்டுங்கம்மா. இருநூறு, சூடா, நாலரைக்கு. ஆறு நாளும் சரியா வந்தா வருஷம் முழுக்க உங்களுக்குத்தான். நடுவுல சொதப்புனா நான் பேசமாட்டேன், வேற ஆளைப் பாத்துடுவேன்."

நாலரைக்குச் சூடாகப் போக வேண்டுமென்றால் ஓவன் ஒன்றரைக்கு எரிய ஆரம்பிக்க வேண்டும். நாலு மணி வரை எரிய வேண்டும். அதாவது, லாரி குடிக்கும் அதே நேரம். எலக்ட்ரீஷியன் பெரிய லைனுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இணைப்பு அவள் புருஷன் பேரில், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். நூறு அந்தக் காகிதத்தை டிவிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அடுத்த வருஷம் பார்க்கலாமாம். தன் லாரிக்கு இருக்கிற லைன் போதும், பிறகு என்ன அவசரம்?

அவள் நயமாகத்தான் கேட்டாள்.

"என்னங்க, ஒரு ஆறு நாள். நாலரைக்கு மேல போட்டுக்குங்களேன். விடியறதுக்குள்ள பத்து தடவை ஏறிடும்."

"வந்த உடனே போட்டாத்தான் அதுக்குப் பழக்கம்."

"அது என்ன கைக்குழந்தையா, நேரத்துக்குப் பால் குடுக்க?"

"உனக்கு வண்டி சமாச்சாரம் தெரியாது."

"எனக்கு மணி பாக்கத் தெரியும். நாலரை. ஆறு நாள். சரியா?"

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது அவள் செய்த தப்பு. இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவள் நம்பியிருக்கக் கூடாது, ஆனால் வருஷம் முழுக்க இருநூறு பன் என்பது சாதாரண ஆசையா?

முதல் நாள் பன் பொன்னிறமாக வந்தது. இரண்டாம் நாள் அதைவிட. விடுதி சமையல்காரர் ஒன்றை அங்கேயே பிய்த்துத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். வீட்டில் நூறு லாரியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். திரை ஐம்பத்தெட்டு காட்டியது. புதிதில் அதே அறுபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் எழுபத்திரண்டு இருக்கும். இப்போது ஐம்பத்தெட்டு. ஏன் குறைந்தது என்று அவர் யோசிக்காமல் இல்லை. முதலில் டயர் மேல் பழி போட்டார். பிறகு மழை. பிறகு ரோடு. கடைசியாக, குடோனில் தனக்கு மட்டும் கனமான பெட்டியாகப் பார்த்து ஏற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். பேட்டரி மேல் சந்தேகமே வரவில்லை. தினமும் நூறு காட்டுகிற பேட்டரியை யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டே முக்கால் மணிக்கு, அவள் இரண்டாவது சுற்றை உள்ளே தள்ளிவிட்டுக் கைகழுவப் போன நேரத்தில், மெதுவாகப் போய் பிளக்கைச் செருகினார். டப்பென்று மெயின் விழுந்தது. பதறிப் போய், சத்தமில்லாமல் மெயினைத் தூக்கிவிட்டார். பிளக்கைப் பிடுங்காமலே தூக்கினார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் தூக்கினார். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை நிற்கும் என்று நினைத்த மனுஷன் அவர். இருபது நிமிடம் கழித்து அவள் பக்கவாட்டுக்கு ஓடிவந்தபோது, மெயின் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, "லைன்ல ஏதோ கோளாறு" என்றார்.

கோளாறு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தது. ஓவனுக்குள் நூறு பன்கள் நடு அமுங்கி, தோல் சுருங்கிக் கிடந்தன. அவற்றை எடுத்து, அழாமல், குப்பைத் தொட்டியில் கொட்டினாள். சரியாக வந்திருந்த நூறை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். ஒரு பன்னை இரண்டாக வெட்டிக் கொடுத்தார்கள். வார்டன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க கைப்பக்குவம் நல்லா இருக்கு, அதனால ஒரு தடவை விடறேன். இன்னொரு தடவை குறைஞ்சா வராதீங்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் அவள் கேபிளைச் சுருட்டி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாலரைக்குத் தரேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

நாலாம் நாள் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, லாரியை ஓட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கிற அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவின் மகன் ஸ்கூட்டருக்கு வைத்திருந்த சார்ஜர் வயரை லாரியில் செருக முடியுமா என்று அரை மணி நேரம் திருகிப் பார்த்தார். இரண்டும் இரண்டு வாய். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் தம்பி, உன் பொண்டாட்டி கேட்டது ஆறு நாளு. அந்த ஆறு நாளு பொறுக்க முடியாதா உனக்கு?"

"வண்டி ஐம்பத்தெட்டுல நிக்குதுக்கா."

"நிக்கட்டுமே. நாளைக்கு உனக்கு எவ்ளோ வேணும்?"

அவர் மறுபடியும் வயரைத் திருகினார். அந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் இருநூறு இருநூறாகப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் குடோனில் மானேஜர் ஒரு செய்தி சொன்னார். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் புது ஆஸ்பத்திரி. தினமும் ஒரு லோடு போக வேண்டும், ஒரே ஆளுக்கு நிரந்தரமாகக் கிடைக்கும். போகவர நூற்றியெண்பது. யார் போகிறீர்கள்? வரிசையில் நின்ற ஒரு இளவட்ட டிரைவர், எண்பதோடு பிளக்கைப் பிடுங்குகிறவன், சிரித்துக்கொண்டே நம்மவரைக் காட்டினான்.

"அண்ணன் இருக்கும்போது நாங்க எதுக்கு சார்? வருஷம் பூரா நூறுலயே வெச்சிருக்காரு. இந்த ஒரு நாளுக்குத்தான் போல."

கேலி என்பது எல்லாருக்கும் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "நான் போறேன்" என்றார். அன்று மாலை நாலரைக்கு அவள் பீரோவைத் திறந்து கேபிளைக் கொடுத்தாள். ஏழரைக்கு நூறு ஆனது. அவரே கேபிளை ஈரத்துணியால் துடைத்து, சுருட்டி, சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார். மூன்று வருடமாக அந்தக் கேபிள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. வெளியே எடுத்துப் போக வேண்டிய பொருள் அது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆறாம் நாள் விடிகாலையில் நூறோடு கிளம்பினார். ஆஸ்பத்திரியில் பெட்டிகளை இறக்கி முடித்தபோது மணி பதினொன்று, திரையில் முப்பது. போனது எழுபது, இருப்பது முப்பது, வந்த தூரமே திரும்பவும் போக வேண்டும். இது ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஆனால் அவர் கணக்கு வேறு: போகும்போது பாரம், வரும்போது காலி, காலி வண்டிக்குக் கரன்ட் எதற்கு? ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே பொது சார்ஜிங் நிலையம் இருந்தது, கேபிளும் அதிலேயே தொங்கியது. நிலையத்துக்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நம்ம வண்டிக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுங்க. வீட்டுக் கரன்ட்தான்" என்று சொல்லிவிட்டு இவர் கடந்துபோனார். அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார் என்று நினைத்தால் நமக்கே கூச்சமாக இருக்கிறது.

மனைவிக்கு போன் வந்தபோது மணி ஒன்றே முக்கால். முதல் சுற்று ஓவனுக்குள், இரண்டாவது சுற்று மேஜை மேல் ஈரத்துணிக்கு அடியில் உப்பிக்கொண்டிருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"வண்டி நின்னு போச்சு. நாப்பது கிலோமீட்டர் இருக்கு. ஒரு பஞ்சர் கடையில தள்ளி விட்டுருக்கேன். கேபிளை எடுத்துக்கிட்டு உடனே பஸ் ஏறு."

"கேபிளை எடுத்துக்கிட்டுப் போகலையா?"

"அது வீட்டுல இருக்கிறதுதானே! பேசிக்கிட்டு நிக்காதே, கிளம்பு."

அவள் ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேல் தட்டில் நிறம் ஏற ஆரம்பித்திருந்தது. கிளம்பினால் போகவர மூன்று மணி நேரம். ஆறாம் நாள். வருஷம் முழுக்க இருநூறு பன். போனில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது, வெயிலில் லாரியைத் தள்ளியிருக்கிறார். ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. இருபத்தைந்து வருடப் பழக்கம், அப்படிச் சட்டென்று போய்விடாது. அப்புறம் தொட்டியில் கொட்டிய நூறு பன் ஞாபகம் வந்தது, ஸ்டூல் மேல் நின்ற ஆளும் ஞாபகம் வந்தார்.

"நாலரைக்குத் தரேன்" என்றாள்.

"என்னது?"

"பன்னைக் குடுத்துட்டு, அஞ்சு மணி பஸ் கண்டக்டர்கிட்ட கேபிளைக் குடுத்து விடறேன். கடை வாசல்ல நின்னு வாங்கிக்குங்க."

"நான் நடுரோட்டுல நிக்கிறேன், உனக்குப் பன்னு முக்கியமா?"

"ஆமாங்க" என்றாள். சொன்ன பிறகுதான், அது எவ்வளவு சுலபமான வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது. போனை மாவு மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

அன்றைக்கு மாதிரி பன் அவள் கையில் அதற்கு முன் வந்ததில்லை. கரன்ட் முழுக்க அவளுடையதாக இருந்தது, ஓவன் ஒரு தரம்கூடச் சிணுங்கவில்லை. நாலு இருபதுக்கு விடுதியில் இருநூறையும் எண்ணி வைத்தாள். வார்டன் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார், அது பழையபடி எழும்பியது. "திங்கட்கிழமைலேர்ந்து தினமும் கொண்டு வாங்க" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய், கேபிளைக் கண்டக்டரிடம் கொடுத்தாள். "பஞ்சர் கடை வாசல்ல ஒருத்தர் நிப்பாரு. பாத்தாலே தெரியும்" என்றாள்.

அவர் மறுநாள்தான் வீடு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி லோடு அந்த இளவட்ட டிரைவருக்குப் போனது. லாரிக்கு மறுபடி நூறு ஏற்றி, நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்தினார். அதே பெண்தான் வந்தாள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தாள். முழு சார்ஜில் அந்த எண் நூற்று நாற்பத்தைந்து என்றது.

"மூணு வருஷமா உங்களுக்கு இது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு சார். உங்க பேட்டரியில மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. இப்ப நூறுன்னு காட்டுறது மிச்சம் இருக்கிறதுல நூறு."

"தினமும் முழுசா ஏத்தினேனேம்மா."

"அதனாலதான் சார்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. இனிமேலாவது இரண்டு மூன்று மணி நேரம் ஆற விட்டு, மாலை ஐந்துக்கு மேல், எண்பது வரை மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் இதுவும் மிஞ்சாது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். மனைவி சொன்னால் கேட்காதவர், அக்கா சொன்னால் கேட்காதவர், இருக்கிறதும் போய்விடும் என்றதும் கேட்டார். அன்றிலிருந்து மத்தியானத்தில் கேபிளைத் தொடுவதில்லை. ஒன்றரையிலிருந்து நாலு வரை அந்த வீட்டில் ஓவன் எரிகிறது.

குடோனில் நூறு என்ற பெயர் போகவில்லை. சொல்லும்போது இப்போது கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். எண்பது ஏற்றி வருகிற ஆளுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று அவர்கள் கவலைப்படவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பஸ் ஓடவில்லை. அவரே லாரியில் டிரேக்களை ஏற்றி அவளை விடுதிக்குக் கூட்டி வந்தார். அவள் உள்ளே எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் வார்டனோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். வார்டன் உள்ளே வந்தபோது, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகத்தில் அவள் அதுவரை பார்க்காத கனிவு.

"உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் சொன்னாரும்மா. நீங்க ஓவன் போடணும்னு மத்தியானக் கரன்ட்டையே உங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாராமே. அதனால பெரிய லோடு ஒண்ணுகூட கை விட்டுப் போச்சாம். இந்தக் காலத்துல எந்த ஆம்பளை இப்படிச் செய்வாரு? குடுத்து வெச்சவங்க நீங்க."

அவர் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பெரிய மனசுக்காரர்கள் புகழ்ச்சியைக் கேட்கும்போது தரையைப் பார்ப்பார்களே, அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கடைசி டிரேயைக் கீழே வைத்தாள்.

"அவர் குடுக்கல மேடம்," என்றாள். "பேட்டரி செத்து, அது குடுத்துச்சு."

வார்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நூறு நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தார்.

"அவ எப்பவும் இப்படித்தான் மேடம், தமாஷா பேசுவா."